ஐயோ தொரே

போன வாரம் பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஹாலிஎல தாண்டியதும் முன் சீட்டில் இருந்த பெண்ணின் பைக்குள் போன் அடித்தது. மணிச் சத்தமில்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ஓர் ஆள் தொண்டை கிழியக் கத்தினார்.

“ஐயோ தொரே... தொரேய்... நில்லுங்க தொரே...”

பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர் அதே இழுவையில் கத்திக் காட்டினார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே பையைத் துழாவினாள். மரக்கறியும் சீப்பும் பிள்ளையின் சட்டையும் வெளியே வந்தன, போன் வரவில்லை. கத்தல் தானாக நின்றது.

எனக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வராது. அந்தக் குரலுக்கு உரியவரோடு சில வருடங்கள் ஒரே மைக்குக்கு முன்னால் நின்றவள் நான். அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாருக்கும் விளங்காது. ‘ஐயோ தொரே ஆள்’ என்றால்தான் விளங்கும். கொழும்பிலும் விளங்கும், மட்டக்களப்பிலும் விளங்கும். அவ்வளவு பேர் சிரித்திருக்கிறார்கள்.

பதுளை கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில்தான் அந்த ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகள். ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், அதை இயக்க ஒரு பையன். கீழே யாராவது குண்டானைக் கீழே போட்டால் மேலே பதிவை நிறுத்த வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு சேர் வந்து இதை நடத்தினார். ஒரு தொலைக்காட்சிக்குத் தமிழில் பொம்மைப் படங்கள் பேசிக் கொடுப்பதாக அவருக்கு ஒப்பந்தம்.

எல்லாம் ஐம்பதுகளில் அமெரிக்காவில் வரைந்த படங்கள். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் ஓடும். உரிமை மலிவாகக் கிடைத்ததாம். ஒரு பெரிய வெள்ளை மாளிகை, அதில் கோட்டுப் போட்ட ஒரு கழுதை எசமான், பக்கத்து வீட்டில் கண்ணிமை நீண்ட வாத்துப் பெண், கூரையில் ஒரு குரங்குத் திருடன். அடி, உதை, வெடி. இவர்களுக்கு நடுவில் ஒரு சமையல்காரன். கரிக்கறுப்பு. உதடு இரண்டு தொதல் துண்டு மாதிரி. காலில் செருப்பில்லை. முழியை உருட்டிக்கொண்டே இருப்பான். அந்த வீட்டில் மிருகமெல்லாம் மனிதர் மாதிரி உடுத்தியிருக்கும், மனிதன் ஒருவனைத்தான் மிருகம் மாதிரி வரைந்து வைத்திருந்தார்கள். வெடி யார் கையில் வெடித்தாலும், வெடித்த ஆளுடைய முகமும் கறுப்பாகி உதடு தடித்து, அந்தச் சமையல்காரனைப் போலவே ஆகிவிடும். அதற்கு ஒரு சிரிப்பு தனியாக இருக்கும்.

சில சுருள்களின் தொடக்கத்தில் ஓர் அட்டை வந்தது. அந்தக் காலத்தில் சில மக்களை இப்படித் தப்பாகக் காட்டினார்கள், அது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சேர் அதை முதல் நாளே வெட்டச் சொல்லிவிட்டார்.

“சின்னப் பிள்ளையளுக்கு ஏன் மன்னிப்பு? அதுகள் சிரிக்கட்டும்.”

அதே நாளில் யாருக்கு எந்தத் தமிழ் என்றும் பங்கு பிரித்தார். கழுதை எசமானுக்கு வானொலித் தமிழ். வாத்துப் பெண்ணுக்கும் அதுவேதான், அது நான். குரங்குத் திருடனுக்குச் சென்னை சினிமாத் தமிழ். சில படங்களில் தலைப்பாகை கட்டிய ஒரு பாம்பாட்டி வருவான், அவனுக்குக் கடைவீதி முஸ்லிம் வியாபாரிகளின் பேச்சு. கொண்டையில் எலும்பு சொருகிய தீவு மனிதர்கள் வந்தால் அவர்களுக்கு மொழியே கிடையாது, ஊகா பூகா. சமையல்காரனுக்கு மட்டும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பேச்சு, லயத்துப் பேச்சு.

“அதேன் சேர் அவனுக்கு லயத்துப் பேச்சு?” என்று கேட்டேன்.

“பொருத்தமாத்தானே இருக்குது பிள்ளை. வாயைத் திறந்தாலே ஆள் ஆரெண்டு விளங்கிப் போயிடும்.”

என் அப்பா தோட்டத்தில் கிளாக்கர். நாங்கள் லயத்தில் இருந்ததில்லை, லயத்துக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். லயத்துப் பேச்சு என் வாயில் வந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். அப்படி வளர்ந்ததால்தான் எனக்கு வாத்துப் பெண் வேடம் கிடைத்தது. அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கே புரிந்தது.

‘ஐயோ தொரே ஆள்’ சமையல்காரனாக வரவில்லை. கதை சொல்லும் குரலுக்குத்தான் வந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் மைக் பிடிப்பவர். ‘பக்தகோடிப் பெருமக்களே’ என்று அவர் ஆரம்பித்தால் மூன்று மலைக்கு அப்பால் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நல்ல கணீரென்ற தமிழ். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து படிக்கட்டில் காத்திருந்தார். டீ கொண்டு வந்த ஆளிடம், “எனக்கு வேணாங்க, வீட்டுலயே குடிச்சிட்டுத்தான் வந்தேங்க” என்று சொன்னார். அதைச் சேர் உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். திருவிழாக் குரலைக் கேட்கவே இல்லை. டீ வேண்டாம் என்று சொன்ன அந்தக் குரலுக்குத்தான் வேலை கொடுத்தார்.

“கதை சொல்ற குரலுக்குங்க...” என்று அவர் ஆரம்பித்தார்.

“அது பிறகு பாப்பம். இப்ப நீர் சமையல்காரன்.”

“ஆவட்டுங்க.”

அவரைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் போதும் என்றால் அந்தச் சொல் இதுதான். ஆவட்டுங்க. ஆகட்டும் என்பதை அவர் அப்படிச் சொல்வார். யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். சம்மதம் என்று அர்த்தமில்லை. மறுப்பு என்று ஒன்று அவர் வாயில் முளைக்கவே இல்லை, அவ்வளவுதான். பாத்திரக் கடைக்காரர் மூட்டை இறக்கக் கைகொடுக்கச் சொன்னாலும் ஆவட்டுங்க. கம்ப்யூட்டர் பையன் சிகரெட் வாங்கி வரச் சொன்னாலும் ஆவட்டுங்க. அந்தப் பையனுக்கு அவர் மகன் வயது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஒருநாளைக்காவது முடியாதுன்னு சொல்லுங்களேண்ணே” என்பேன்.

“ஆவட்டுங்க தங்கச்சி” என்பார். இந்த மனிதரிடம் என்னதான் செய்வது.

அந்தக் கத்தல் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படத்தில் சமையல்காரனின் கால்சட்டையில் தீப்பிடித்துவிடும். கழுதை எசமான் காரில் ஏறிப் போய்க்கொண்டிருப்பார். சமையல்காரன் புகையோடு காருக்குப் பின்னால் ஓடுவான். அவர் இரண்டு மூன்று விதமாகக் கத்திப் பார்த்தார். சேருக்குப் பிடிக்கவில்லை.

“நாடகம் மாதிரி இருக்குது. உண்மையாக் கத்தும் ஐசே. உயிர் போற மாதிரிக் கத்தும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.  பிறகு கத்தினார். எழுதிக் கொடுத்த வசனத்தில் துரையும் இல்லை, நில்லுங்களும் இல்லை. ‘அம்மா சுடுதே’ என்றுதான் இருந்தது. அவர் வாயில் வந்தது வேறு.  சேரும் பையனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, இவர்கள் சிரிப்பதைப் பார்த்து, தானும் லேசாகச் சிரித்தார்.

“இதுதான். இனி ஒவ்வொரு படத்திலயும் இது வேணும்” என்றார் சேர்.

“ஆவட்டுங்க.”

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை அவருடையதாக இல்லை. ஹாலிஎல பஸ்ஸில் கண்டக்டர் அவரை மிதிபலகையில் நிறுத்திக் கத்த வைப்பார். கல்யாண வீட்டில் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ளப் போனால் வீடியோக்காரர் கத்தச் சொல்வார். காய்ச்சலோடு மருந்துக்கு வரிசையில் நின்றபோதுகூட ஒருவர் கேட்டு, இவர் போர்வையை விலக்கிவிட்டுக் கத்தியிருக்கிறார். ஒருமுறை ஒரு சாவு வீட்டுக்கு நானும் அவரும் போயிருந்தோம். அடக்கம் முடிந்து, கை கால் கழுவி, பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செத்தவரின் தம்பி பக்கத்தில் வந்தார்.

“அண்ணே, மனசே சரியில்லண்ணே. அந்தக் கத்தல ஒருக்கா கத்துங்களேன். கேட்டாலாச்சும் கொஞ்சம் நல்லாருக்கும்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதற்காவது மறுப்பார் என்று இருந்தேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கத்தினார். சத்தமில்லாமல் கத்துவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மிச்ச டீயை வாசலில் கொட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் கீழே இருந்த பாத்திரக் கடை நானா மாடியேறி வந்தார். நானா என்றால் அண்ணன், நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வந்தவர் உட்காரவில்லை.

“என்ன சேர் வேல இது? அந்தப் பாம்பாட்டிக்கு எங்கட பேச்சக் குடுத்து வெச்சிருக்கீங்க. புள்ளயள் ஸ்கூலுக்குப் போனா மகுடி ஊதிக் காட்டுறானுகளாம். வாணாம் சேர். மாத்திடுங்க.”

கட்டிடம் நானாவின் மச்சானுக்குச் சொந்தம்.  மறுநாளே பாம்பாட்டிக்கு வேறு குரல் போட்டு, பழையதையெல்லாம் திரும்பப் பதிவு செய்தோம். ஐயோ தொரே ஆள் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டார்.

“கேட்டா மாத்துவாங்களா தங்கச்சி?”

“பாத்தீங்கதானே. கேக்க ஆள் வந்தாங்க, மாத்துனாங்க. ஒங்க பேச்சுக்குக் கேக்க ஆளில்ல. நீங்களே கேளுங்க.”

“பேச்சு கெடக்கட்டுங்க. அந்தக் கத்தல மட்டும் எடுத்துட்டாப் போதும்.”

ஏன் என்று கேட்டேன்.  பஸ் வந்தது, அதை விட்டுவிட்டார். அடுத்ததும் வந்தது. பிறகுதான் சொன்னார்.

“எங்கம்மா கத்துனதுங்க அது.”

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்தது. தம்பிக்குக் காய்ச்சல் தலைக்கேறி இழுக்கிறது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். லொறி இல்லை. அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள், இவரும் பின்னாலேயே. அந்த நேரம் தோட்டத்தை நடத்திய துரையின் ஜீப் வளைவில் திரும்பியது.

“அம்மா பின்னாலயே ஓடுச்சி. ஐயோ தொரே, நில்லுங்க தொரேன்னு கத்திக்கிட்டே ஓடுச்சி. நானும் ஓடுனேன். ஜீப்பு நிக்கலீங்க. எஞ்சின் சத்தத்துல கேக்கலன்னு பொறகு சொன்னாராம். இருக்கலாம். தம்பி டவுனு போய்ச் சேரல.”

மூன்றாவது பஸ்ஸும் வந்தது, நாங்கள் ஏறவில்லை. 

“அன்னிக்கி சேர் உயிர் போற மாதிரி கத்துன்னாரு. எனக்குத் தெரிஞ்ச உயிர் போற சத்தம் அது ஒண்ணுதான். வந்துருச்சி. வந்தத திரும்ப எடுக்கத் தெரியல.”

அம்மா இன்னும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தார். இவர் ஹாலிஎலவில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா டீவி கேட்பாராம். கண்ணுக்கு ஆகாது, கரண்டு கட்டணம் கூடும் என்று இவர் எதையாவது சொல்லித் தட்டிக் கழித்து வந்தார். மறுப்புச் சொல்லத் தெரியாத மனிதர் தன் தாயிடம் மட்டும் அதற்குச் சாக்குக் கண்டுபிடித்தார். இப்போது லயத்துக் கூரையெல்லாம் டிஷ் முளைத்துவிட்டது. பக்கத்து வீட்டில் புது டீவி வந்துவிட்டது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

“அம்மா காதுல அது விழுந்திரக் கூடாதுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

“நான் வந்து சேர்கிட்ட விசயத்தைச் சொல்றேன்” என்றேன்.

“காரணத்த மட்டும் சொல்லிராதீங்க தங்கச்சி. அதையும் சிரிப்பாக்கிருவாங்க.”

கேட்பதற்கு ஒரு நாள் பார்த்தார். அந்த வெள்ளைச் சட்டையையே போட்டு வந்தார். படிக்கட்டில் நின்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். சாதாரணமாகப் பேசினால் மதிக்க மாட்டார்கள் என்று திருவிழாக் குரலில் தயார் செய்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. உள்ளே போனோம். சேர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

“மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் அவர்களே. அடியேனின் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு.”

சேர் ஹெட்போனைக் கழற்றினார். பையனைப் பார்த்தார். இருவருமாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கழுதையின் பேச்சைச் சமையல்காரன் பேசினால் எப்படி இருக்குமோ, அவர்களுக்கு அப்படி இருந்திருக்கிறது. அவர் தடுமாறினார். அந்தக் கணீர்க் குரல் உதிர்ந்துபோய், உள்ளேயிருந்த அவருடைய சொந்தப் பேச்சு வெளியே வந்தது.

“இல்லீங்க சேர், நெசமாத்தான் சொல்றேங்க. அந்தக் கத்தல மட்டும் எடுத்துருங்க சேர். பழசுலயும் எடுத்துருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் சேர்.”

இப்போது சிரிப்பு இன்னும் கூடியது. சேர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையனுக்குக் கை காட்டினார். மைக்குக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது.

“அதை இன்னொருக்காச் சொல்லும். அந்தப் புண்ணியமாப் போவும் எண்டதை.”

“சேர், அவர் நடிக்கல்ல” என்றேன் நான். என் குரல் எனக்கே கூச்சலாகக் கேட்டது.

“அதுதானே பிள்ளை விசேஷம்.”

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதருக்கு இரண்டு குரல் இருந்தது. ஒன்றில் கேட்டால் வேடம் என்று சிரித்தார்கள், இன்னொன்றில் கேட்டால் வசனம் என்று சிரித்தார்கள். மூன்றாவது குரலுக்கு அவர் எங்கே போவார்?

“ஆவட்டுங்க” என்றார். மைக்குக்குக் கிட்டே போனார். சேர் கேட்டபடி, சேருக்குப் பிடிக்கும்வரைக்கும், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் என்று சொல்லிக் கொடுத்தார். சமையல்காரன் கழுதையின் காலில் விழுகிற படத்தில் அது வந்தது. அதற்கும் நாடு சிரித்தது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். கூட வேலை செய்கிற கிளாக்கர் மகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் அம்மா சொல்லிவிட்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வளைவைக் கடந்து மேலே ஏற வேண்டும். அந்த வளைவில் அவர் கொஞ்சம் வேகமாக நடந்தார். இதுதான் அது என்று நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

அம்மா ஒல்லியான ஆள். காது நன்றாகக் கேட்கும், பேச்சு குறைவு. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பலகாரத் தட்டை என் மடியிலேயே வைத்தார். “கிளாக்கரய்யா வீட்டுப் புள்ள நம்ம வீட்டுல ஒக்காந்திருக்கு பாரு” என்று மகனிடம் சொன்னார். பிறகு டீ ஊற்றக் குசினிக்குள் போனார்.

பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பொம்மைப் படத்தின் தொடக்க இசை வந்தது. மகனின் முகம் மாறிவிட்டது. திடீரென்று சத்தமாகப் பேச ஆரம்பித்தார். மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, கோயில் கொடிமரத்தைப் பற்றி, இல்லாத பொல்லாததையெல்லாம் பேசினார். எனக்கும் புரிந்தது. நானும் அதற்குமேல் சத்தமாகப் பதில் சொன்னேன். இரண்டு குரல் வித்தைக்காரர்கள் ஒரு டீவியை அமுக்கப் பார்த்தோம்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் பலகைச் சுவரைத் தட்டினாள்.

“அண்ணே, வந்திருக்கீங்களா? ஒங்க படம்தான் போவுது. இருங்க, சத்தத்தக் கூட்டி விடுறேன்.”

மரியாதைக்குத்தான் செய்தாள் பாவம். சத்தம் லயம் முழுவதும் நிறைந்தது. கழுதை காரில் ஏறியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். இனிப் பேசிப் பிரயோசனம் இல்லை.

“ஐயோ தொரே... தொரேய்... நில்லுங்க தொரே...”

அந்தப் பக்கம் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். குசினியில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்கு வந்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கதவைத் தாண்டி, கீழே ரோடு போகும் பக்கம் பார்த்தார்.

“யாரோ கூப்புடுறாங்க” என்றார்.

“டீவிம்மா” என்றேன். 

“டீவியா.” ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருந்தாலும் யாராச்சும் போயிப் பாருங்களேன். யாரோ கூப்புடுறாங்க புள்ள.”

அவருக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அவர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இத்தனை சனத்தில் அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு, போய்ப் பாருங்கள் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

“நான் பாத்துட்டு வாரேம்மா” என்று மகன் எழுந்தார். செருப்புப் போடாமலே இறங்கிப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த வளைவில் போய் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு வாகனமும் வரவில்லை. நிஜமாகவே யாராவது வருவார்களா என்று பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் நின்றார். என் பக்கத்தில் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போனது.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கத்தினார். ஸ்டூடியோ மூடும்வரை கத்திக்கொண்டிருந்தார். வராமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. கதை சொல்லும் குரல் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டூடியோ போனது, சேர் போனார், பாத்திரக் கடை மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. அந்தக் கத்தல் மட்டும் போகவில்லை. அது போனுக்குள் புகுந்துவிட்டது. படத்தையே பார்த்திராத பிள்ளைகள்கூட அதை அனுப்பிக்கொள்கிறார்கள். அம்மா காலமான பிறகு அவர் மொனராகலைப் பக்கம் போய்விட்டார். ஒரு சிங்கள முதலாளியின் உரக் கடையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் நம்பர் தேடிப் பிடித்துப் போன் எடுத்தேன்.

“ஹலோ, கவுத?” என்றது அந்தப் பக்கம். யார் பேசுவது என்று சிங்களத்தில் கேட்கிறார். அதே குரல், ஆனால் யாருக்கும் தெரியாத குரல்.

நான் யார் என்று சொன்னேன். அங்கே தமிழில் பேசுவதே இல்லையா என்று கேட்டேன்.

“பேசுறதில்லீங்க தங்கச்சி. வாயத் தொறந்தா கண்டுபிடிச்சிருவாங்க.”

ஒரு கத்தலிலிருந்து தப்பிக்க அந்த மனிதர் தன் பேச்சையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை. பதுளைக்கு ஒருமுறை வாருங்களேன் அண்ணே என்றேன்.

“ஆவட்டுங்க” என்றார். வரமாட்டார் என்று தெரியும். நான் போனை வைத்தேன்.

பஸ் தெமோதரைக்குக் கிட்டே வந்தது. அந்தப் பெண்ணின் பைக்குள் மறுபடியும் ஆரம்பித்தது. ஐயோ தொரே. இந்த முறை கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். அவள் தேடுவதை விட்டுவிட்டு, அது அடித்து முடியட்டும் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொரேய். நில்லுங்க தொரே. அது நிற்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து கத்தியது.

நான் முன்னால் குனிந்து அவள் தோளைத் தொட்டேன்.

“எடுங்க தங்கச்சி” என்றேன். “யாரோ கூப்புடுறாங்க.”